விடுகதைத் திண்ணை: மஞ்சளும் ஊஞ்சலும் ஏன் சேரவில்லை?

(வாசகர் கேள்விகளுக்குப் புதிர்ப் பக்கக்காரர் பதில்)

கேள்வி: போன இதழில் ‘எதுகைச் சோடி’ என்று ஒரு போட்டி வைத்தீர்கள். ஒரு குறிப்பு, அதற்கு இரண்டே சொல்லில் விடை, இரண்டு சொல்லுக்கும் எதுகை பொருந்த வேண்டும் என்றீர்கள். ‘கல்யாண வீட்டில் ஆடும் மங்கலப் பலகை’ என்று குறிப்பு எழுதி, ‘மஞ்சள் ஊஞ்சல்’ என்று விடையும் எழுதி அனுப்பினேன். வரவில்லை. காதுக்கு இவ்வளவு இனிமையாக இருப்பதை ஏன் ஒதுக்கினீர்கள் ஐயா? — வாசகர், தாராபுரம்

பதில்: ஒதுக்குகிறபோது எனக்கும் கை வரவில்லை. உங்கள் அஞ்சலட்டையை மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். குறிப்பு அழகு, விடையும் அழகு. எதுகைதான் கூடவில்லை.

எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மஞ்சளில் ‘ஞ்’, ஊஞ்சலிலும் ‘ஞ்’. அதைப் பார்த்துத்தான் நீங்கள் துணிந்திருக்கிறீர்கள். ஆனால் முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘ம’ குறில், ‘ஊ’ நெடில். கட்டுக்குப் பட்டு எதுகை, பாட்டு எதுகையாகாது. பாட்டுக்கு வேண்டுமானால் கூட்டு, வேட்டு, நோட்டு என்று போகலாம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கட்டு, பட்டு என்றால் இரண்டு கால்களும் ஒரே படியில் நிற்கும். கட்டு, பாட்டு என்றால் ஒரு கால் ஒரு படி கீழே இறங்கிவிடும்.

சரி, கடைசி எழுத்தாவது ஒத்து இயைபு என்று காப்பாற்றலாமா என்று பார்த்தேன். அங்கே ‘ள்’, இங்கே ‘ல்’. முப்பது வருடங்களுக்கு மேல் மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவன் நான். லகர, ளகரத்தைக் கண்டும் காணாமல் விட்டால் அன்று ராத்திரி தூக்கம் வராது.

இதே ஊஞ்சலை வைத்துக்கொண்டு, முன்னால் நெடிலில் தொடங்கும் ஒரு சொல்லைத் தேடுங்கள். கிடைத்தால் எழுதுங்கள், முதல் ஆளாகப் போடுகிறேன்.

கேள்வி: என் மகள் பள்ளியில் ‘ஹிங்க் பிங்க்’ என்றொரு விளையாட்டு கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டில் எங்களைத் துளைத்து எடுக்கிறாள். தமிழில் இது முடியுமா? முயன்று பார்த்தேன், சப்பென்று இருந்தது. — வாசகி, பெங்களூரு

பதில்: தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இது ஆங்கிலத்தில் பிள்ளைகள் ஆடுகிற விளையாட்டு. ‘கொழுத்த வீட்டுப் பிராணி’ என்று ஒருவர் குறிப்புக் கொடுத்தால், மற்றவர் ‘ஃபேட் கேட்’ என்று ஓசை பொருந்தும் இரட்டைச் சொல்லைச் சொல்ல வேண்டும். பெயரிலேயே ஒரு துப்பு வைத்திருக்கிறார்கள். விடையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஓரசை என்றால் ‘ஹிங்க் பிங்க்’, ஈரசை என்றால் ‘ஹிங்க்கி பிங்க்கி’, மூவசை என்றால் ‘ஹிங்க்கிட்டி பிங்க்கிட்டி’. குறிப்பைச் சொல்லும் முன்பே எது என்று அறிவித்துவிட வேண்டும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

உங்களுக்குச் சப்பென்று இருந்ததற்குக் காரணம், அவர்களைப் போலவே நீங்களும் சொல்லின் கடைசியில் ஓசையைத் தேடியதுதான். ஆங்கிலத்தில் கடைசி ஓசை பொருந்துவது அரிது. அதனால் பொருந்தினால் மகிழ்ச்சி. நம்மிடம் அது கொட்டிக் கிடக்கிறது. வந்தான், போனான், தின்றான், தூங்கினான். கூடை கொண்டு வந்தால் அள்ளிக்கொண்டு போகலாம். கல்யாண வாழ்த்து மடல்கள் ஆயிரம் திருத்தியிருப்பேன். ‘வந்தாய், தந்தாய், நின்றாய், வென்றாய்’ என்று முடியாத மடல் ஒன்றையாவது கண்ட நினைவு இல்லை. இலவசமாகக் கிடைப்பதில் புதிர் போட முடியாது.

தமிழ்க் காது சொல்லின் தலையில் இருக்கிறது. அதனால்தான் விளையாட்டை எதுகைக்கு மாற்றி ‘எதுகைச் சோடி’ ஆக்கினேன். உங்கள் மகளிடம் இவற்றைப் போட்டுப் பாருங்கள்:

பக்கவாட்டிலேயே ஓடும் வாகனம்: நண்டு வண்டி. குயவர் சக்கரத்தில் பிறந்த களிறு: பானை யானை. பல்லை உடைக்கும் இனிப்புத் தண்டு: இரும்புக் கரும்பு. வீதி உலாவில் தாகம் தீர்ப்பது: மோர்த் தேர். சர்க்கரை டப்பாவுக்குள் சேட்டை: குறும்பு எறும்பு. இந்தக் கடைசிக்குப் பலர் ‘கரும்பு எறும்பு’ என்று எழுதியிருந்தார்கள். அங்கே சின்ன ‘ரு’, இங்கே பெரிய ‘று’. மன்னிக்கவும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. குறிப்பு: ‘பாண்டியன் லாயத்தில் ராத்திரி ஊளையிட்ட குதிரை’. மதுரைக்காரர்கள் அரை நொடியில் சொல்லிவிடுவார்கள். குதிரை வாங்க அரசன் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவபெருமான் நரிகளைக் குதிரைகளாக்கி ஓட்டிவந்தார். பொழுது சாய்ந்ததும் அவை பழையபடி நரிகளாகி ஊளையிட்டன என்பது திருவிளையாடல். விடை: நரிப் பரி. கதையும் எதுகையும் இப்படி ஒன்றாகவே பிறந்து வருவது எப்போதாவதுதான் வாய்க்கும்.

அசை எண்ணிக்கைக்குப் பதிலாக நாம் எழுத்து எண்ணிக்கையை அறிவிக்கலாம். ‘இரண்டுக்கு இரண்டு’ என்றால் நரிப் பரி. இரண்டு சொல்லுக்கும் நடுவில் மிகும் ‘ப்’ போன்ற ஒற்றெழுத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ‘நாலுக்கு நாலு’ என்றால் குறும்பு எறும்பு.

கேள்வி: ‘கறுப்புச் சட்டைக்காரன், காவலுக்குக் கெட்டிக்காரன்’ — விடை பூட்டு என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பூட்டு பித்தளைப் பூட்டு. அப்படியானால் விடுகதை தப்பா தாத்தா? — ஆறாம் வகுப்பு மாணவி, அருப்புக்கோட்டை

பதில்: தப்பு இல்லை கண்ணு. அது இரும்புப் பூட்டைப் பார்த்துக் கட்டிய விடுகதை. நீ உன் வீட்டுப் பூட்டுக்கு ஒன்று கட்டிக்கொள். ஆனால் ‘கறுப்பு’ என்பதை எடுத்துவிட்டு ‘மஞ்சள்’ என்று மட்டும் போட்டால் போதாது. ‘கறுப்பு’, ‘காவல்’ இரண்டும் ‘க’ வரிசையில் தொடங்குகின்றன, அது மோனை. ‘சட்டை’, ‘கெட்டி’ இரண்டிலும் ‘ட்’, அது எதுகை. முடிவில் ‘காரன்’, ‘காரன்’, அது இயைபு. நாலே சொல்லில் மூன்று தையல் போட்டிருக்கிறார்கள். ஒரு நூலை உருவினால் மறுபக்கம் பிரிந்துவிடும்.

மஞ்சளுக்கு ‘ம’ வந்தால் அடுத்த அடிக்கும் ‘ம’ வேண்டும். ‘ம’வுக்கு ‘வ’வும் மோனையாக வரலாம் என்று இலக்கணம் சலுகை தருகிறது. ஆகவே:

மஞ்சள் சட்டைக்காரன்,
வாசலுக்குக் கெட்டிக்காரன்.

உன் வீட்டுக் கதவில் எழுதி ஒட்டு. திருடன் படித்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: ‘எட்டேகால் லட்சணமே’ என்று என் மாமனார் யாரைத் திட்டினாலும் சொல்வார். ஔவையார் பாட்டு என்கிறார். கணக்கா, வசையா, விடுகதையா? — வாசகி, தென்காசி

பதில்: மூன்றும்தான். உங்கள் மாமனார் உங்களைச் சொல்லவில்லை என்று நம்பிக்கொண்டு விளக்குகிறேன்.

ஔவையும் கம்பரும் நேருக்கு நேர் மோதினார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. சரித்திரம் தேட வேண்டாம், சுவை போதும். ‘ஒரு காலடீ, நாலிலைப் பந்தலடீ’ என்று கம்பர் ஒரு புதிர் போட்டாராம். ஒற்றைத் தண்டின் உச்சியில் நாலு இலை விரித்து நிற்பது ஆரைக்கீரை. வயல் வரப்பிலும் குளத்தோரத்திலும் பார்த்திருப்பீர்கள். புதிரில் குற்றமில்லை, அந்த ‘அடீ’தான் கிழவியைச் சுட்டுவிட்டது. திரும்பி வந்தது இது:

எட்டேகால் லட்சணமே எமனேறும் பரியே
மட்டில் பெரியம்மை வாகனமே — முட்டமேற்
கூரையில்லா வீடே குலராமன் தூதுவனே
ஆரையடா சொன்னாய் அடா.

தமிழ் எண்களில் எட்டுக்கு அகரம், காலுக்கு வகரம். எட்டும் காலும் சேர்ந்தால் ‘அவ’. அவலட்சணமே என்கிறாள். எமன் ஏறும் வாகனம் எருமை. பெரியம்மை என்பது மூதேவி, அவள் வாகனம் கழுதை. மேலே கூரை இல்லாத வீடு குட்டிச்சுவர். ராமனுக்குத் தூது போனது குரங்கு. நாலு வரியில் ஐந்து வசை, ஒவ்வொன்றும் தனி விடுகதை. கெட்ட வார்த்தை ஒன்று கூட வெளியே தெரியவில்லை.

எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். நான் சொல்ல விரும்புவது கடைசி இரண்டு அடிகளைப் பற்றி. மூன்றாம் அடி ‘கூரை’ என்று தொடங்குகிறது. எதுகைப்படி நான்காம் அடி ஏதோ ஒரு நெடிலும் ‘ரை’யும் கொண்டு தொடங்க வேண்டும். ‘ஆரை’ என்று விழுகிறது. ‘யாரைச் சொன்னாய்’ என்ற அதட்டலும் அதுவே, ‘நீ கேட்ட கீரை ஆரை’ என்ற விடையும் அதுவே. கூரை என்ற சொல் வந்தவுடனேயே, எதுகை தெரிந்த காது விடையைப் பாதி கேட்டுவிட்டது. எதுகை அங்கே துப்பாக நிற்கிறது. ‘கூரையில்லா வீடே’ என்பதை ‘மேற்பரப்பில்லா வீடே’ என்று மாற்றிப் பாருங்கள். வசை மிஞ்சும், விடுகதை செத்துவிடும்.

கேள்வி: ஓசை பொருந்தும் புதிர்கள் எல்லாம் குழந்தைகளுக்குத்தானே? பெரிய இலக்கியத்தில் இதற்கு இடம் உண்டா? — ஓய்வு பெற்ற ஆசிரியர், பட்டுக்கோட்டை

பதில்: தொல்காப்பியத்தில் உண்டு, போதுமா? செய்யுளியலில் ‘பிசி’ என்று பெயர் சொல்லி, இரண்டு வகை என்றும் தொல்காப்பியர் பிரிக்கிறார். அதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் கொண்ட பழைய உரைகாரர் காட்டும் உதாரணம், ‘பிறை கவ்வி மலை நடக்கும்’. விடை யானை. பிறை, மலை: இரண்டாம் எழுத்தில் மெய் வேறு, ஏறிய உயிர் மட்டும் ஒன்று, ‘ஐ’. உயிரெதுகை என்று இதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாலே சொல். நாம் இன்று உட்கார்ந்து எழுதினால் தந்தம், தும்பிக்கை என்று நாற்பது சொல் செலவாகும்.

பிசியைப் பிறகு விடுகதை என்றோம். எங்கள் பக்கத்தில் அழிப்பாங்கதை. யாழ்ப்பாணத்தில் நொடி.

கேள்வி: பல கேள்விகளின் விடைகளைச் சேர்த்தால் ஒரு சொல் வரும்படி பழைய பாட்டு ஒன்று உண்டாமே? அதைப் போல நாமே செய்ய முடியுமா? — கல்லூரி மாணவர், சேலம்

பதில்: வினாவுத்தரம். தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலில், சித்திரகவி என்னும் சொல் விளையாட்டுப் பாட்டு வகைகளோடு வைத்துச் சொல்வார்கள். அங்கே காட்டும் பாட்டின் சாரம் இதுதான். பூமகள் யார்? திரு. போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்கு வேறு பெயர்? அம்பு. அழகுக்குப் பெயர்? அம். பிறை சூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது? நாலையும் சேர்த்துச் சொல்லுங்கள்: திரு, ஏகு, அம்பு, அம். திருவேகம்பம். காஞ்சிபுரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

நாமே செய்ய ஊர்ப் பெயர்கள்தான் தோது. உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒன்று:

கூந்தலில் பேன் இடுவது என்ன?
கூரையில் வேய்வது என்ன?

ஈர், ஓடு. ஈரோடு. பஸ்ஸில் போகிறபோது பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் சங்ககிரி தாண்டுவதற்குள் இன்னும் இரண்டு மூன்று சிக்கும். ஒன்றே ஒன்று எச்சரிக்கை: இரண்டு விடைகளும் சேரும் இடத்தில் ஓசை தானாகப் புணர வேண்டும். ஈர் என்பதன் ‘ர்’ மேல் ‘ஓ’ ஏறி ‘ரோ’ ஆகிறது பாருங்கள், அதுதான் பூட்டு விழும் சத்தம்.

கேள்வி: என் பிள்ளைகளிடம் விடுகதை போட்டால் கைப்பேசியில் தட்டி இரண்டு விநாடியில் விடை சொல்லிவிடுகிறார்கள். இந்த விளையாட்டுக்கு இனி உயிர் உண்டா? — வாசகர், திருவண்ணாமலை

பதில்: கைப்பேசிக்குத் தெரிந்தது ஏற்கெனவே யாரோ போட்ட விடுகதை. இன்று மாலை உங்கள் அடுக்களையில் பிறந்தது அதற்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஆச்சி அப்படித்தான் போடுவாள். தாமிரபரணிப் பக்கத்துச் சின்ன ஊர். மாசி கடைசியில் புளி உலுக்கி, ஓடு உடைத்து, கோது நீக்கி, வளவில் பாய் விரித்துக் குவித்திருப்பார்கள். பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கொட்டை எடுக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் பிசுபிசுக்கும், நகக்கண்ணில் எரியும். அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராக நழுவப் பார்ப்போம். அப்போதுதான் ஆச்சி தொடங்குவாள். எதைக் கையில் வைத்திருக்கிறோமோ அதையே போடுவாள்:

ஓட்டுக்குள்ளே குடியிருப்பான்,
ஓட்டோடு ஒட்டமாட்டான்.

பழுத்த புளியம்பழம். ஓடு உடைத்த கைக்கு விடை தெரியும், வாய்க்கு வராது. ‘ஓட்டு’க்கும் ‘ஒட்டு’க்கும் நடுவே ஒரு கால் நீண்டு குறைவதில்தான் தடுக்கி விழுவோம். நான் ‘நத்தை’ என்றேன். ‘நத்தை ஒட்டிக்கொண்டுதானே இருக்கும், மடையா’ என்றாள்.

விடை சொல்ல முடியாதவன் ஊர் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ‘அம்பாசமுத்திரத்தைக் கொடுத்தேன்’ என்றால், ஆச்சி அதை முந்தானையில் முடிந்துகொள்வதுபோலப் பாவனை செய்துவிட்டு விடையைச் சொல்வாள். ஒரு சாயங்காலத்தில் நான் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை எல்லாம் கொடுத்துத் தீர்ந்துபோய்க் கடைசியில் சொந்த ஊரையும் கொடுத்தேன். ‘இனி நீ எங்கே படுப்பாய்?’ என்றாள். அழுதுவிட்டேன். பிறகு ஒரு கருப்பட்டித் துண்டு கொடுத்து ஊரைத் திருப்பித் தந்தாள். மற்ற ஊர்களைத் தரவில்லை. கணக்குப்படி பாளையங்கோட்டை இன்னமும் ஆச்சியுடையது.

உங்கள் பிள்ளைகளைக் கைப்பேசி எதிரே வைத்துக் கேட்காதீர்கள். பட்டாணி உரிக்கும்போதோ, முருங்கைக்கீரை ஆயும்போதோ, கை இரண்டும் வேலையாக இருக்கும்போது போடுங்கள். ஊர் கேளுங்கள். திருவண்ணாமலையை மட்டும் முதலிலேயே வாங்கிவிடாதீர்கள்.

அடுத்த இதழுக்கு:

எதுகைச் சோடி, ‘இரண்டுக்கு இரண்டு’: கொடுக்கு உள்ளவன் தூக்கி நிமிர்த்தும் புஜம்.

எதுகைச் சோடி, எழுத்து எண்ணிக்கை சொல்ல மாட்டேன்: நகைக்கடைக்காரர் கோயிலில் ஊதுவது.

வினாவுத்தரம்:

முருகன் ஏறுவது எது?
முருங்கை மேய்வது எது?
படகு சேர்வது எது?
மூன்றும் சேர்ந்த காவிரிக்கரை ஊர் எது?

விடைகளை அஞ்சலட்டையில் எழுதுங்கள். தெரியாதவர்கள் ஓர் ஊரின் பெயரை எழுதி அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளப்படும். பாளையங்கோட்டை வேண்டாம்.